பச்சைப் புத்தகத்தின் வெற்றுக் கட்டங்கள்: கோலாலம்பூர் அரசு கிளினிக் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் நீரிழிவுப் பிரிவை நடத்துகிறவர்கள், மருந்துக் கொள்முதலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள், எந்தப் பிரசுரத்தை எந்த மொழியில் அச்சிடுவது என்று முடிவு செய்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். நாங்கள் ஓய்வுபெற்ற தாதியர், மருந்தாளர்கள், தன்னார்வலர்கள். செந்தூல், பத்து, பந்தாய் டாலாம் பக்கத்து அடுக்குமாடிகளில் இனிப்பு நீர்க்காரர்களுக்கு உதவி வருகிறோம்.

உங்கள் நோயாளிகளின் கையில் ஒரு பச்சைப் புத்தகம் இருக்கிறது. வீட்டில் பார்த்த சர்க்கரை அளவை எழுத அதில் கட்டம் போட்டிருக்கிறீர்கள். எங்கள் பகுதி மக்களின் புத்தகங்களில் அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. சில பக்கங்கள் தள்ளி ஒரு குறிப்பு: 'சொன்னதை நோயாளி கேட்பதில்லை'. அதன் கீழே இன்சுலின் அளவு 2 யூனிட்டோ 4 யூனிட்டோ கூட்டப்பட்டிருக்கும். கட்டம் ஏன் காலி என்ற கேள்வி மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அந்தக் கேள்விக்கான பதிலை நாங்கள் சொல்கிறோம்.

மாத்திரையும் இன்சுலினும் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்துக்குள் கிடைக்கின்றன. இந்த நாட்டின் பொது மருத்துவத்தின் பெருமை அது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கும் பட்டையை (டெஸ்ட் ஸ்ட்ரிப்) நோயாளிதான் வாங்க வேண்டும். மலிவான பிராண்ட் என்றாலும் ஒரு பட்டை ஏறக்குறைய ஒரு வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதிலேதான் வாடகை, மோட்டார் தவணை, பள்ளிச் செலவு எல்லாம். அந்த வீட்டில் பட்டை கடைசியாகத்தான் வாங்கப்படும், அல்லது வாங்கப்படவே மாட்டாது. பட்டையைச் செருகி அளக்கும் கருவியை யாராவது இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். நிறுவனங்கள் கொடுக்கின்றன, தேர்தல் நேரத்தில் அரசியல்வாதிகளும் கொடுக்கிறார்கள். ஒரு கருவியின் பட்டை இன்னொன்றில் ஏறாது. கூடவே வந்த பட்டைகள் தீர்ந்ததும் கருவி அலமாரிக்குள் போய்விடுகிறது. கருவி கொடுப்பவர் படம் பிடித்துக்கொள்ளலாம். பட்டை கொடுப்பவருக்குப் படம் கிடைக்காது. தட்டுப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

தினமும் நான்கு முறை குத்திப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. காலை உணவுக்கு முன்னும் இரவு உணவுக்கு முன்னும் கலவை இன்சுலின் போடுகிறவருக்கு, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு பட்டை போதும். வெறும் வயிற்றில் பார்க்கும் காலை அளவு முந்தின இரவு ஊசி சரியா என்று சொல்லும். இரவு உணவுக்கு முன் பார்ப்பது காலை ஊசி சரியா என்று சொல்லும். மாதத்துக்கு 26 பட்டை. தலைசுற்றலோ படபடப்போ வந்தால் பார்க்க நான்கு கூட வைத்தால் 30. கிளிக்லசைட் போன்ற, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரை எடுப்பவருக்கு அடுத்த சந்திப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மட்டும் கொடுத்தாலும் மருத்துவருக்குப் பார்க்க ஏதாவது இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அவ்வளவும் தேவையில்லை.

இந்த 30 பட்டை இல்லாததால் என்ன நடக்கிறது? கிளினிக்கில் எடுக்கும் எச்பிஏ1சி இரத்தச் சோதனை காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. 8 விழுக்காடு என்று வந்தவருக்குப் பகலில் 14 மில்லிமோலும் விடியற்காலையில் 3.5 மில்லிமோலும் இருக்கலாம். சராசரியில் அந்தப் பள்ளம் தெரியாது. சராசரியை மட்டும் பார்த்து இரவு ஊசியைக் கூட்டினால், வேர்த்து நடுங்கி எழுந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவார். காலையில் அளவு ஏறியிருக்கும். அடுத்த சந்திப்பில் மறுபடியும் கூட்டுவீர்கள். தலசீமியா கீற்று (நோயாக வெளிப்படாத பரம்பரை இரத்தக் குறை) உள்ளவர்களும் இரத்தச்சோகை உள்ளவர்களும் நம் நாட்டில் நிறையப் பேர். அவர்களிடம் எச்பிஏ1சி எண்ணே உண்மை அளவிலிருந்து விலகலாம். அந்த இடத்தில் வீட்டு அளவுதான் துணை.

சர்க்கரை ஏறிக் கிடப்பதற்கு ஒத்துழையாமை தவிர வேறு காரணங்களும் உண்டு. அவற்றைக் கிளினிக்கிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகும். அங்கே வலி குறைவு என்பதால் நோயாளி அங்கேயேதான் குத்துவார். அதற்குள் போன இன்சுலின் ஒரு நாள் மெதுவாக இறங்கும், ஒரு நாள் சட்டென்று இறங்கும். இதைக் கண்டுபிடித்து 'வேறு இடத்தில் போடுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஆபத்து. நல்ல தோலில் அதே அளவு முழுதாக வேலை செய்யும், சர்க்கரை விழும். இடம் மாறும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அந்த வாரம் பட்டையும் வேண்டும்.

அடுத்து, அவரை உங்கள் முன்னாலேயே ஊசி போடச் சொல்லுங்கள். பால் போன்ற கலவை இன்சுலினை உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்க்க வேண்டும். அடியில் வெள்ளையாகப் படிந்ததைக் கலக்காமல் போட்டால் ஒரு நாள் தெளிந்த பகுதி மட்டும் போகும், இன்னொரு நாள் கெட்டியான பகுதி. புது ஊசி மாட்டியதும் 2 யூனிட் வெளியே தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக்கூடாது. உடனே எடுத்தால் கடைசி யூனிட்டுகள் தோல்மேல் வழியும். மனித இன்சுலின் கலவையென்றால் போட்டு அரைமணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று தவறினாலும், 'ஒழுங்காகப் போடுகிறேன்' என்று அவர் சொல்வது பொய்யாகாது. அவருக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். உறையவைக்கும் தட்டில் பட்டு உறைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குக் கீழே, பொதுவாக 28 நாள் தாங்கும். பிரசுரத்தில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருக்கிறீர்கள். மேல்மாடி பிபிஆர் (அரசு மலிவு அடுக்குமாடி) வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கும், காவலர் கூண்டிலும், மோட்டார் இருக்கைக்கு அடியிலும் எத்தனை டிகிரி என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். மண்பானையில் வைக்கச் சொல்லிப் பகிரப்படும் காணொளிகள் வறண்ட ஊருக்குப் பொருந்தும். ஈரப்பதம் மிகுந்த கோலாலம்பூரில் அதனால் அவ்வளவாகக் குளிராது. வேலைக்குப் போகிறவருக்கு வாய் அகன்ற தெர்மோஸ் ஒன்று போதும்: அடியில் ஐஸ், மேலே தடித்த துணி, ஐஸில் நேராகப் படாமல் பேனா. இந்த ஒரு படத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

பேனாவைப் பற்றி இன்னொன்று. கொள்முதல் ஒப்பந்தம் மாறும்போது இன்சுலின் பிராண்டும் மாறுகிறது. ஒரு நிறுவனத்தின் குப்பியை இன்னொன்றின் பேனாவில் போட்டால் சில சமயம் உள்ளே போய்விடும், பொருந்தியதுபோலவே இருக்கும், அளவு மட்டும் தப்பும். மாத்திரையிலும் இதே கதை. போன மாதம் வட்டமாக இருந்த கிளிக்லசைட் இந்த மாதம் நீளமாக வருகிறது. பெயரைப் படிக்கத் தெரியாதவர் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் மருந்தை அடையாளம் காண்கிறார். புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணி, வீட்டில் மீந்திருக்கும் பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. தவறான மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. மருந்தக முகப்பில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இரண்டும் ஒன்றே, ஒன்றை மட்டும் எடுங்கள்' என்று காட்டினால் தீர்ந்தது.

இவர்களில் பலர் பாதுகாவலர்கள். இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை பன்னிரண்டு மணி நேர வேலை. பையில் ஒட்டிய சீட்டு 'காலை உணவுக்கு முன், இரவு உணவுக்கு முன்' என்கிறது. அவருடைய முதல் சாப்பாடு மாலை ஐந்து மணிக்கு. காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். சீட்டில் உள்ளபடி எட்டு மணிக்குப் பெரிய அளவு ஊசியைப் போட்டுப் படுத்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கலாம். 'நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள்?' என்ற ஒரு கேள்வியைச் சந்திப்புப் படிவத்தில் சேர்க்க முடியாதா?

சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்பதும் பலருக்குத் தெரியாது. மயக்கமாக வந்தால் தே தாரிக் (டின் பால் கலந்த தேநீர்) குடிக்கிறார்கள். பாலிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அரைக் குவளை தண்ணீரில் 3 தேக்கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மீண்டும் அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். சரியான பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கட். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நோயாளி மட்டுமல்ல, அவரோடு கூண்டில் நிற்கும் இன்னொரு காவலரும்தான்.

உணவு விஷயத்துக்கு வருவோம். 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு நல்ல யோசனை: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். ஆனால் வாழை இலைச் சாப்பாட்டில் தட்டே இல்லை. இலையில் சோறு நடுவில் குவிந்திருக்கும், காய்கறி ஓரத்தில் மூன்று கரண்டி, அதில் ஒன்று உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. 50 கிராம் சோற்றில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து. இலையில் விழுவது சாதாரணமாக 300 கிராம், மறுசோறு வேறு. பாசிப்பருப்பும் துவரம்பருப்பும் புரதம் தந்தாலும் மாவுச்சத்தும் தருகின்றன. கேழ்வரகுக் கூழ், ஓட்ஸ், நாட்டுச் சர்க்கரை எல்லாம் 'நீரிழிவுக்கு நல்லது' என்ற பேரில் அளவில்லாமல் உள்ளே போகின்றன. இன்னொரு பக்கம் தே தாரிக்: 2 மேசைக்கரண்டி இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் குடிக்கிறவர், 'நான் சீனியே சேர்ப்பதில்லை' என்று மனசாட்சியோடு சொல்வார். 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) கேட்கலாம்; அது முடியாதென்றால் 'தே சி கோசோங்' (இனிப்பில்லாத டின் பால் மட்டும் சேர்த்தது). இந்த அளவுக்கு இறங்கிப் பேசும் உணவுத்தாள் தமிழில் வேண்டும். 'இனிப்பைத் தவிர்க்கவும்' என்ற ஒற்றை வரி போதாது.

சர்க்கரை மிகுந்த டின் பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது, 2024இல் 50 சென், 2025இல் 90 சென் ஆனது. நல்லதே. கடையில் கலக்கும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை என்பது வேறு கதை.

பாதம். எங்கள் மக்கள் வீட்டுக்குள்ளும் கோவிலிலும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். உச்சிவெயிலில் கோவில் வெளிப்பிரகாரத்துத் தரை எப்படிச் சுடும் என்று எல்லாருக்கும் தெரியும், நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவரைத் தவிர. அவர் நின்று நிதானமாகச் சுற்றுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்ப்பார். தைப்பூசத்தில் ஜாலான் துன் எச்.எஸ்.லீயிலிருந்து பத்துமலை வரை தார்ச்சாலையில் நடந்து, 272 படி ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர், தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைச் சோதித்துக்கொண்டு வந்தவர்கள்? சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். உணர்ச்சி இல்லையென்று தெரிந்தால், 'நடக்காதீர்கள்' என்று சொல்லிப் பயனில்லை, நடப்பார்கள். தடித்த பருத்திக் காலுறை போடுங்கள், வெயிலுக்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோ போங்கள், வந்ததும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், கொப்புளத்தை உடைக்காமல் கழுவித் துடைத்து மூடி மறுநாளே கிளினிக்குக்கு வாருங்கள் என்று சொல்லுங்கள். காலுறையைப் பார்த்து முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கோவில் நிர்வாகத்தினர் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்கு உங்கள் கடிதம் ஒன்று உதவும்.

விரதமும் அப்படியே. ரமலான் நோன்புக்கு மருந்து நேரத்தை மாற்றித் தரும் முறை உங்கள் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். நோன்புக்கு முன்பே நோயாளியை அழைத்துப் பேசுகிறீர்கள். அதே அறிவைக் கந்த சஷ்டிக்கும், தைப்பூசத்துக்கு முந்தைய 48 நாள் ஒருவேளை உணவுக்கும், வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் பயன்படுத்தலாமே. சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கிளிக்லசைட் போட்டால் சர்க்கரை விழும். எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரையோடு பட்டினியும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. கேட்டால் திட்டுவார்கள் என்று பயந்து, நோயாளி தானாகவே எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, விரதம் முடித்து ஜவ்வரிசிப் பாயசமும் வாழைப்பழமும் சாப்பிடுகிறார். 'விரதம் இருப்பீர்களா?' என்று நீங்களே முதலில் கேட்டுவிட்டால் அவர் மறைக்க வேண்டியதில்லை.

மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை எங்கள் மாடிகளில் வேரூன்றியிருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போன ஒவ்வொருவரும் அதற்கு முன் மெட்ஃபார்மின் எடுத்தவர்தானே என்பது அவர்களின் வாதம். கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும். சிறுநீரகம் பழுதான பிறகு மெட்ஃபார்மினைக் குறைப்பதோ நிறுத்துவதோ அது உடம்பில் தங்கிவிடக்கூடாது என்பதற்காக. இதை விளக்க ஆளில்லாத இடத்தில் இரவுச் சந்தைப் பொடி வியாபாரி விளக்கம் சொல்கிறார். 'இயற்கை' என்று விற்கும் சில பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற, சர்க்கரையை இறக்கும் ஆங்கில மருந்து கலந்திருப்பதுண்டு, அதனால்தான் 'உடனே கேட்கிறது'. பொட்டலத்தில் அரசின் மால் (MAL) பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கின்றனவா என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் சுயபராமரிப்புதான்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் ஏறக்குறைய 31 விழுக்காடு. புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூலகாரணம் இந்த நோய்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்தச் செலவையும் மாதம் 30 பட்டையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

இன்சுலின் போடும் பி40 (குறைந்த வருமானப் பிரிவு) நோயாளி ஒவ்வொருவருக்கும் மாதம் 30 பட்டை, மருந்தோடு மருந்தாக, கிளினிக் மருந்தகத்திலேயே கொடுங்கள். கிளினிக்குகள் அனைத்துக்கும் ஒரே வகைக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தம் மாறினால் கருவியையும் இன்சுலின் பேனாவையும் சேர்த்து மாற்றிக் கொடுங்கள், பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்புப் பான வரியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கும்படி அமைச்சைக் கேளுங்கள்.

'கேட்பதில்லை' என்று புத்தகத்தில் எழுதும் முன், ஊசி போடும் இடம், போடும் முறை, இன்சுலினை வைக்கும் இடம், வேலை நேரம், பட்டை கிடைக்கிறதா என்ற ஐந்தையும் சோதித்துக் குறிக்க ஒரு படிவம் கட்டாயமாக்குங்கள்.

தமிழர்கள் அதிகம் வரும் கிளினிக்குகளில் வாரம் ஒரு நாளாவது தமிழ் பேசும் நீரிழிவுக் கல்வித் தாதி இருக்கட்டும். மருந்துப் பைச் சீட்டும், ஊசி முறை, சர்க்கரை இறக்கம், பாதம், உணவு பற்றிய தாள்களும் தமிழில் வரட்டும். வரைவுகளைச் சரிபார்க்க நாங்கள் ஊதியமில்லாமல் வருகிறோம்.

இரத்தம் எடுக்க ஒரு நாள், மருத்துவரைப் பார்க்க இன்னொரு நாள் என்று இரண்டு நாள் சம்பளத்தை இழக்க வைக்காதீர்கள். எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. கொழுப்புச் சோதனைக்கும் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. முடிந்தவரை ஒரே நாளில் முடியுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமையாவது நீரிழிவுப் பிரிவைத் திறந்து வையுங்கள்.

வீட்டில் பயன்படுத்திய ஊசிகளை, தடித்த சோப்பு நீர்ப் போத்தலில் போட்டு மூடிக் கொண்டுவந்தால் கிளினிக் வாங்கிக்கொள்ளட்டும். இப்போது அவை குப்பைக் குழாய் வழியே போய்த் துப்புரவுப் பணியாளர் கையில் குத்துகின்றன.

அடுத்த தைப்பூசத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, விரதம் இருப்போருக்கும் நடந்து போவோருக்கும் மருந்து ஆலோசனையும் பாதப் பரிசோதனையும் தொடங்குங்கள். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலைக் கிளினிக் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
செந்தூல், பத்து, பந்தாய் டாலாம் வட்டார நீரிழிவுத் தன்னார்வலர்கள்